ஆடிக்காற்றில் மலை சைக்கிள்

1.

என் கணவருக்கு வேலை போகவில்லை. முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். பரமத்தி வேலூர்ப் பக்கத்திலிருந்து இதைப் படிக்கிறவர்கள் அக்கம்பக்கத்திலும் சொல்லிவிட்டால் புண்ணியமாகப் போகும். ஜெர்மனியில் எங்களுக்கு ஒரு குறையும் இல்லை. கார் இருக்கிறது. அதை நாங்கள் விற்கவும் இல்லை, யாரும் இழுத்துக்கொண்டு போகவும் இல்லை. போன ஆடியில் நானும் என் மகளும் ராஜவாய்க்கால் கரையில் தினமும் சைக்கிள் மிதித்ததற்குக் காரணம் வறுமை அல்ல. நாங்கள் ஒரு பந்தயத்துக்குத் தயாராகிக்கொண்டிருந்தோம்.

இதை அப்போதே எல்லோரிடமும் சொன்னேன். ஆனால் நாற்பத்தாறு வயதுப் பெண்ணொருத்தி பந்தயத்துக்குப் போகிறாள் என்பதைவிட, அவள் புருஷனுக்கு வேலை போய்விட்டது என்பது ஊருக்கு நம்பச் சுலபமாக இருந்தது. சைக்கிளில் போகிற அளவுக்கு எங்கள் வட்டாரத்தில் இப்போது யாரும் ஏழையில்லை. தோட்டத்துக்கு வெற்றிலை கிள்ளப் போகிறவர்கள்கூட மொபெட்டில்தான் போகிறார்கள்.

2.

என் மகள் யாழினிக்குப் பதினாறு வயது. ஜெர்மனியிலேயே பிறந்து வளர்ந்தவள். அவள் பெயரில் உள்ள ழகரம் அங்கே யாருக்கும் வராது. அவள் வகுப்பாசிரியைக்கு அவள் ‘யாலினி’. கொஞ்ச நாளாக அவளும் தன்னை அப்படித்தான் சொல்லிக்கொள்கிறாள். இரண்டு வருடமாக அவள் என்னோடு பேசியதையெல்லாம் சேர்த்து எழுதினால் ஒரு அஞ்சலட்டைக்குள் அடங்கும். ‘ம்.’ ‘இல்லை.’ ‘கதவைச் சாத்து.’ 

அப்படிப்பட்டவள் வசந்த காலத்தில் ஒரு சாயங்காலம் தானாகச் சமையலறைக்கு வந்து நின்றாள். நான் பயந்துபோய் அடுப்பை அணைத்தேன்.

விஷயம் இதுதான். அவள் ஒரு மலை சைக்கிள் குழுவில் இருக்கிறாள். காட்டுப்பாதையிலும் பாறையிலும் ஓட்டுவதற்கென்றே செய்த தடித்த டயர் சைக்கிள். செப்டம்பரில் இரண்டு நாள் பந்தயம் ஒன்று. ஜோடி ஜோடியாக ஓட்ட வேண்டும், ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது. அவளுடைய ஜோடிப்பெண் கழுத்தெலும்பை உடைத்துக்கொண்டாள். பதினெட்டு ஆகாதவர்கள் பெற்றவர்களில் ஒருவரோடும் ஓட்டலாமாம். அப்பாவுக்கு முதுகு சரியில்லை.

“உனக்கு சைக்கிள் ஓட்டத் தெரியும்தானே?” என்று கேட்டாள்.

“தெரியுமே,” என்றேன். எட்டாம் வகுப்பில் அண்ணனின் சைக்கிளில் குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டேன். வயதுக்கு வந்ததும் பெண்பிள்ளை சைக்கிள் மிதிப்பது கௌரவம் இல்லை என்று நிறுத்திவிட்டார்கள். ஜெர்மனி வந்த பிறகு ரொட்டிக்கடை வரைக்கும் போய் வருவேன். இந்த முன்கதையை அவளிடம் சொல்லவில்லை. அவளாக வந்து கேட்ட ஒரு காரியத்துக்கு நான் நிபந்தனை போடுவதாக இல்லை.

எத்தனை தூரம், எத்தனை ஏற்றம் என்று அவள் அடுக்கிக்கொண்டே போனாள். இப்படிப் பகுதி பகுதியாக நடக்கும் பந்தயத்தில் ஒரு பகுதிக்கு ஜெர்மன் மொழியில் ‘எட்டாப்பே’ என்று பெயர். எனக்கு அது தெரியாது. “முதல் நாள் எட்டாப்பே, ரெண்டாம் நாளும் எட்டாப்பே,” என்றாள். எட்டப் போ, எட்டப் போ என்றுதான் என் காதில் விழுந்தது. ‘கூப்பிட்டு நிறுத்தி விரட்டுகிறாளே’ என்று எனக்குக் கண்ணில் நீர் கட்டிவிட்டது. அவள் என்னை விநோதமாகப் பார்த்துவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

3.

ஜெர்மன்காரர்கள் சைக்கிள் ஓட்டுவதற்கு முன் தாள்களை நிரப்புகிறார்கள். பந்தயத்துக்கு என் உடல் தகுதிக்கு ஒரு மருத்துவச் சான்று கேட்டார்கள். அங்கே எங்கள் குடும்ப மருத்துவரைப் போனில் கூப்பிட்டால், பந்தயம் முடிந்து ஒரு மாதம் கழித்து ஒரு நாளில் வரச் சொன்னார்கள். “அதற்குள் நான் செத்துப்போனால்?” என்றேன். “அப்படியானால் முன்பதிவை ரத்து செய்யத் தவறாதீர்கள்,” என்று பதில் வந்தது. நக்கல் இல்லை, அக்கறைதான்.

மொழி இன்னொரு பக்கம் காலை வாரியது. ஆற்றோரம் பயிற்சிக்குப் போனபோது எதிரே பக்கத்து வீட்டுக்காரரின் அம்மா வந்தார். நான் கவனமாக அவரைச் சுற்றிக்கொண்டு போனேன். மறுநாள் இதைப் பெருமையாக அந்த மகனிடம் சொன்னேன். ‘சுற்றிப் போனேன்’ என்பதற்கும் ‘இடித்துத் தள்ளினேன்’ என்பதற்கும் ஜெர்மனில் நடுவே ஒரேயொரு ‘கெ’தான் வித்தியாசம். நான் தாராளமாகக் கெ போட்டுப் பேசியிருக்கிறேன். அந்த மனிதர் முகம் வெளுத்து வீட்டுக்குள் ஓடினார், அம்மாவுக்கு எலும்பு முறிந்திருக்கிறதா என்று பார்க்க.

இந்த லட்சணத்தில் கோடை விடுமுறை வந்தது. அண்ணன் புதுவீடு கட்டி முடித்திருந்தார். ஆவணியில் புதுமனை புகுவிழா. பயணம் முன்பே முடிவானது. யாழினி வர மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். சைக்கிள்களையும் கொண்டுபோகலாம் என்றதும் இறங்கி வந்தாள். சக்கரத்தைக் கழற்றி இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகளில் அடைத்தோம். கோயம்புத்தூர் விமான நிலையத்தில் சுங்க அதிகாரி பெட்டியைத் திறந்து, டயரை விரலால் அழுத்திப் பார்த்து, வெகுநேரம் எதையோ தேடினார்.

“மோட்டார் எங்கம்மா?”

“இல்லைங்க. மிதிக்கிற சைக்கிள்தான்.”

“ஜெர்மனியில இருந்து மிதிக்கிற சைக்கிளா?” என்று கேட்டுவிட்டு, என்னைப் பார்த்த பார்வையில் ஒரு பரிவு வந்துவிட்டது. அந்தப் பரிவுதான் பிற்பாடு மாவட்டம் முழுக்கப் பரவியது.

4.

மலைப்பந்தயத்துக்குப் பயிற்சி செய்ய எங்கள் ஊரைவிட மோசமான இடம் கிடையாது. காவிரிக்கரையில் வாழையும் கரும்பும் வெற்றிலையும் தாம்பாளத்தில் பரப்பியதுபோல் மட்டமாகக் கிடக்கும். கொல்லிமலை இருக்கிறதே என்பீர்கள். நானும் கேட்டேன். “லாரிக்காரனே அந்த வளைவுல சாமி கும்புட்டுப்போட்டுத்தான் ஏறுவான், நீங்க சைக்கிள்ல ஏறறீங்களா?” என்று அண்ணன் கையை உதறிவிட்டார். பாக்கி இருந்த ஒரே ஏற்றம் பைபாஸ் மேம்பாலம். அதில் ஏறினோம், இறங்கினோம், திரும்ப ஏறினோம். டீக்கடையிலிருந்து ஒருவர் பொறுக்கமாட்டாமல் ஓடி வந்தார்.

“ஏனுங்க்கா, எதாச்சும் தொலைச்சுப்போட்டீங்களா? சொன்னா நாங்களும் தேடுவோமுங்க.”

மலைக்குப் பதிலாக எங்களிடம் இருந்தது ஆடிக்காற்று. அம்மியை நகர்த்துகிற காற்று. மேற்கே ஜேடர்பாளையம் அணையைப் பார்த்து வாய்க்கால் கரையில் மிதித்தால், நெஞ்சில் ஒருவர் கை வைத்துத் தள்ளுவதுபோல் இருக்கும். மலையேற்றமும் இப்படித்தான் இருக்கும் என்று யாழினி சொன்னாள். நம்பினேன். அவள் முன்னால் போவாள். அவளுடைய முதுகைப் பார்த்துக்கொண்டே நான் பின்னால் போவேன். பேச்சு கிடையாது. வீட்டில் கதவு, இங்கே முதுகு. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் ஓரிடத்தில் நான் ரொம்பப் பின்தங்கினால் அந்த முதுகு நின்றது.

வழியில் மோட்டார் சைக்கிள்கள் பக்கத்தில் வந்து வேகம் குறைக்கும். “வண்டி ரிப்பேருங்களா? ஏறுங்க, ஊட்டுல உட்டுப்போட்டுப் போறேன்.” முதல் வாரம் உதவி செய்யக் கேட்டார்கள். இரண்டாவது வாரம் கேட்கவில்லை, தலையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனார்கள். சேதி போய்ச் சேர்ந்துவிட்டது.

முதலில் வந்தவர் எங்கள் ஒன்றுவிட்ட அத்தை. ஒரு தார் பூவன்பழத்தோடு வந்தார். சாவு வீட்டில் உட்காருவதுபோல் என் பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

“வெசனப்படாத அம்மிணி. கெட்ட நேரம் யாருக்குத்தான் வரலே? என்ற மருமவன் கோழிப்பண்ணையில கணக்குப் பாக்க ஆளு வேணும்னு சொல்லிட்டிருந்தான். மாப்பிள்ளைய வந்துறச் சொல்லு. நாமக்கல்லுல முட்டை இருக்கற வரைக்கும் வேலைக்குப் பஞ்சமில்லே.”

“அத்தை, அவருக்கு வேலை இருக்குதுங்க.”

“இருக்கட்டும் சாமி, இருக்கட்டும்,” என்று என் தலையைத் தடவினார். “எங்ககிட்ட மறைச்சு என்னாகப் போவுது?”

அன்று போனில் கணவரிடம் சொன்னேன். அவர், “முட்டை இலவசமாகத் தருவாங்களா, கேட்டியா?” என்றார்.

5.

எல்லோருக்கும் மேலே அண்ணன். ஆழ்துளைக் கிணறு தோண்டும் ரிக் லாரிகள் வைத்திருக்கிறார். அவர் வண்டிகள் ராஜஸ்தான் வரை போய்த் துளை போடுகின்றன. ஜெர்மனித் தங்கச்சி என்பது அவர் வீட்டு முகப்பில் ஒட்டும் டைல்ஸ்போல ஒரு அலங்காரம். அந்த அலங்காரம் சேற்றோடு சைக்கிளில் வருவதை அவரால் தாங்க முடியவில்லை.

“ஏம் அம்மிணி, ஊட்டுல ரெண்டு காரு நிக்குது. டிரைவர் சும்மா உக்காந்து சம்பளம் வாங்கறான். உனக்கு என்ன கெரகம் புடிச்சுது?”

ஆனாலும் பாசக்காரர். சைக்கிள் பிரேக் கிரீச்சிடுவதைக் கேட்டுவிட்டு, எங்களுக்குத் தெரியாமல் ஒரு உபகாரம் செய்தார். இந்த சைக்கிளில் சக்கரத்தின் நடுவே ஒரு மெல்லிய இரும்புத்தட்டு இருக்கும். பிரேக் அதைத்தான் கவ்விப் பிடிக்கும். அதில் எண்ணெய்ப் பிசுக்கே படக்கூடாது. ரிக் தொழிலில் எந்தச் சத்தத்துக்கும் ஒரே மருந்துதான். அண்ணன் என் சைக்கிளின் இரண்டு தட்டிலும் தாராளமாக ஆயில் விட்டுவிட்டார்.

மறுநாள் காலை வாய்க்கால் கரையில், படித்துறைக்கு இறங்கும் சரிவில் பிரேக்கைப் பிடித்தேன். சத்தமே வரவில்லை. பிரேக்கும் வரவில்லை. துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் விலகி வழிவிட, நான் படிகளில் தடதடவென்று இறங்கி சைக்கிளோடு வாய்க்காலுக்குள் போனேன்.

இடுப்பளவுத் தண்ணீர். முழங்கால் சிராய்ந்து ரத்தம். தலையில் ஆகாயத்தாமரை. யாழினி சைக்கிளை எறிந்துவிட்டு ஓடி வந்து தண்ணீரில் குதித்தாள். என் தோளைப் பிடித்து, கையைக் காலைத் தொட்டுப் பார்த்து, ஒன்றும் உடையவில்லை என்று தெரிந்ததும் அப்படியே நின்றாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்றுதான் தோன்றியது. நானும் சிரித்தேன். துணி துவைத்த பெண்களில் ஒருத்தி மற்றவளிடம் சொன்னது தண்ணீருக்கு மேல் தெளிவாகக் கேட்டது:

“பாவம், கஷ்டத்துல புத்தி கலங்கிப்போச்சாட்டமிருக்குது.”

அண்ணனுக்கு நாங்கள் வீடு வருமுன்பே போன் வந்துவிட்டது. நான் வாய்க்காலில் விழுந்தேன் என்று அல்ல, குதித்தேன் என்று. அன்றே இரண்டு சைக்கிளையும் தூக்கி ரிக் ஷெட்டில் போட்டுப் பூட்டிவிட்டார்.

“ஊடு பால் காய்ச்சற வரைக்கும் சைக்கிள் கெடையாது. ஒறம்பரை சனமெல்லாம் வர்ற நேரம். நானும் நாலு பேர் மூஞ்சில முழிக்கோணும்.”

யாழினியின் தமிழைப் பற்றி இங்கே ஒன்று சொல்ல வேண்டும். அவளுக்குத் தமிழ் என்றால் நான் அவளிடம் பேசும் தமிழ்தான். அதனால் உலகத்தில் எல்லோரும் அவளுக்கு ‘நீ’. ரிக் டிரைவர்கள் எதிரே நிற்கவே நடுங்கும் என் அண்ணன் முன்னால் போய் நின்றாள்.

“மாமா, நீ எதுக்குப் பூட்டினே? சாவி குடு.”

அண்ணி கையிலிருந்த டம்ளரை மேசையில் வைத்துவிட்டார். அண்ணனை எங்கள் அம்மாகூடக் கடைசி காலத்தில் அப்படிப் பேசியதில்லை.

“கண்ணு, உனக்கு என்ன வேணும்? புல்லட்டு வேணுமா? மாமன் வாங்கித் தாரேன்.”

“புல்லட் வேண்டாம். எனக்கு அம்மாகூடப் போகணும்.”

நான் கதவுக்குப் பின்னால் நின்றிருந்தேன். ஒருவரை விட்டு ஒருவர் பிரியக்கூடாது என்பது பந்தய விதி, அதனால்தான் சொல்கிறாள் என்று உடனே எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ரொம்ப நம்பிவிட்டால் பிறகு ஏமாற வேண்டியிருக்கும். அண்ணன் சாவியைத் தரவில்லை. அடுத்த பத்துப் பதினைந்து நாள் நாங்கள் புதுவீட்டு மாடிப்படியில் ஏறி இறங்கினோம். அதற்கும் ஒரு கதை ஊரில் உண்டு என்று பின்னால் தெரிந்தது. மருத்துவச் சான்று வாங்க நாமக்கல்லுக்குக் காரில்தான் போனோம். “சைக்கிள் ஓட்டறதுக்கு சர்ட்டிபிகேட்டுங்களா? அதுக்கு லைசென்ஸே வேண்டாமே,” என்று சிரித்த டாக்டர், தன்னிடம் இருந்த ஒரே அச்சுத்தாளில் ‘இவர் பணிக்குத் திரும்பத் தகுதியானவர்’ என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஜெர்மன்காரர்கள் அதை ஏற்றுக்கொண்டார்கள். முத்திரை இருந்தது, போதும்.

6.

புதுமனை புகுவிழாவன்று கோயம்புத்தூரிலிருந்து அண்ணியின் தம்பி வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் குழுவாகச் சேர்ந்து சைக்கிள் ஓட்டுகிறவர். ஜெனரேட்டரைப் பார்க்க ஷெட்டுக்குப் போனவர் வேகமாகத் திரும்பி வந்து அண்ணனைத் தனியே அழைத்துப் போனார்.

“மச்சான், அந்த ரெண்டு சைக்கிளை எதுக்குங்க கிரீஸ் டின்னுக்குப் பக்கத்துல போட்டு வெச்சிருக்கறீங்க? அதுங்க வெலை தெரியுமுங்களா?”

விலையைச் சொன்னார். நாங்கள் வாங்கியபோது அது அத்தனை இல்லை, ஒன்று பழைய சைக்கிள் வேறு. ஆனால் அண்ணன் அதையெல்லாம் என்னிடம் கேட்கவில்லை. அவர் முகம் ஒரு நிமிடம் வெறிச்சோடிப்போய், பிறகு மெல்ல மலர்ந்தது. நூறடியில் தண்ணீர் வந்தால் மலருமே, அப்படி.

பந்தி முடிவதற்குள் சைக்கிள்கள், பிரேக் தட்டிலிருந்த ஆயில் உட்படத் துடைக்கப்பட்டு, ஹாலில் சோபாவுக்குப் பக்கத்தில், சந்தனம் குங்குமம் வைத்து நின்றன. ஹேண்டில் பாரில் மல்லிகைச் சரம். மொய் வைக்க வந்தவர்கள் எல்லாம் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள்.

“தங்கச்சியும் மருமவளும் ஜெர்மனி போட்டியில ஓட்டப் போறாங்க,” என்று அண்ணன் ஒவ்வொருவரிடமும் சொன்னார். “சும்மா இல்லீங்க, மலையில ஓட்டறது.”

அத்தை என் கன்னத்தில் செல்லமாக இடித்தார். “நான் அன்னைக்கே சொன்னனே, இவ என்னமோ பெருசாப் பண்றான்னு!”

ஒரே சிக்கல், இப்போதும் ஓட்ட முடியவில்லை. “ஒறம்பரை இன்னும் வருவாங்க அம்மிணி, சேறாக்கிப்போடாதீங்க,” என்றார் அண்ணன். கௌரவக் குறைச்சலால் பூட்டி வைத்ததை இப்போது கௌரவத்தால் பூட்டி வைத்தார். யாழினி விடிந்ததும் பூச்சரத்தைக் கழற்றி சோபாவில் வைத்துவிட்டு இரண்டு சைக்கிளையும் வாசலுக்கு உருட்டினாள்.

அண்ணன் எழுந்து ஓடி வந்தார். தடுக்கவில்லை. காரை எடுத்தார். நான்கு பக்கமும் இண்டிகேட்டர் மினுங்க, ஹாரன் அடித்துக்கொண்டே எங்களுக்கு முன்னால் ஓட்டினார். ஜன்னலில் தலையை நீட்டி, “ஒதுங்குங்க, ஒதுங்குங்க, போட்டிக்காரங்க வாராங்க!” என்று ஜேடர்பாளையம் வரை கத்தினார். கார் காற்றை அடைத்துக்கொண்டது. எங்களிடம் இருந்த ஒரே மலையையும் அண்ணன் மறைத்துவிட்டார்.

7.

ஆடிக்காற்று மலையேறக் கற்றுத் தருவதில்லை. பந்தயத்தின் முதல் மலையின் பாதியிலேயே இது தெரிந்துவிட்டது. காற்று களைத்தால் ஓய்ந்துவிடும், மலை ஓய்வதில்லை. முதல் நாள் மழை. வேர்களெல்லாம் சோப்புத் தடவியதுபோல் வழுக்கின. கணக்கில்லாமல் விழுந்தேன். எழுபது வயது ஜோடி ஒன்று ‘காலை வணக்கம்’ சொல்லிவிட்டு என்னைக் கடந்து போனது. எப்படியோ மாலைக்குள் எல்லையைத் தொட்டோம். கடைசிக்கு முந்திய ஜோடி. நான் படுத்த இடத்திலேயே தூங்கிவிட்டேன். யாழினிதான் என் சைக்கிளையும் கழுவியிருக்கிறாள்.

இரண்டாம் நாள் தண்ணீர் கொடுக்கும் முதல் இடத்தில், மழைக்கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் எங்களை நிறுத்தினார். அந்த மலைப்பகுதி ஜெர்மன் எனக்குப் பிடிபடாது. வெளியூர்க்காரர்களுக்கு அண்ணன் பேச்சு எப்படியோ அப்படி. அவர் யாழினியிடம் ஏதோ சொன்னார். அவள் ஏதோ சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், திரும்ப அவளைப் பார்த்தார், தோளைக் குலுக்கினார். எங்கள் சைக்கிளில் கட்டியிருந்த எண் அட்டைகளில் கறுப்பு மையால் ஒரு கோடு போட்டார்.

“என்ன சொல்றார்?” என்றேன்.

“நாம நல்லா ஓட்டறோமாம்.”

அந்தச் சொல் என்னை இரண்டு மலை தாண்ட வைத்தது. பொய் சொல்லவில்லை, நிஜமாகவே நல்லா ஓட்டினேன். இறக்கத்தில் கண்ணை மூடவில்லை. கடைசி ஏற்றத்தில் மட்டும் முடியாமல் இறங்கித் தள்ளினேன். யாழினியும் இறங்கினாள். ஏறி ஓட்டு என்றேன். அவள் கேட்கவில்லை. அந்த ஏற்றம் முழுக்கப் பேசிக்கொண்டே வந்தாள். பள்ளிக்கூடத்தில் ஒரு பெண்ணோடு சண்டை, படிப்பை மாற்றலாமா என்ற யோசனை, கழுத்தெலும்பு உடைந்த தோழி இப்போது வேறொருத்தியோடு சிநேகமாகிவிட்டது. இரண்டு வருடத்துப் பேச்சு. எனக்கு மூச்சு வாங்கியதால் குறுக்கே புத்திமதி சொல்ல முடியவில்லை. அதனால்தான் அவளும் நிறுத்தாமல் சொன்னாள் போலிருக்கிறது.

எல்லையில் கூட்டமில்லை. மேலே கட்டிய வளைவைப் பாதி பிரித்திருந்தார்கள். சூடான சூப் கொடுத்த பெண் எங்கள் எண் அட்டையைப் பார்த்துவிட்டு என் தோளைத் தட்டினாள். “ப்ராவோ, ட்ரோட்ஸ்டேம்!” என்றாள்.

ட்ரோட்ஸ்டேம் என்றால் ‘இருந்தாலும்’. இந்த ஒரு சொல் எனக்கு நன்றாகத் தெரியும். ஜெர்மனியில் என்னைப் பாராட்டியவர்கள் அனேகமாக அதோடுதான் பாராட்டியிருக்கிறார்கள். எது இருந்தாலும்? அட்டையைக் குனிந்து பார்த்தேன். கறுப்புக் கோடு எங்கள் எண்ணின் மேல் குறுக்கே போயிருந்தது. வாத்தியார் தப்பான கணக்கை அடிக்கிற கோடு.

“யாழினி, அந்தப் பெரியவர் நெசமா என்ன சொன்னார்?”

அவள் கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தாள். “நேரம் முடிஞ்சு போச்சு, நீங்க போட்டியில இல்லை, வேன்ல ஏறுங்கன்னு.”

“காலையிலேயேவா? நாம நல்லா ஓட்டறோம்னு சொன்னாருன்னு சொன்னியே?”

அவள் சூப் கோப்பையை என் கையில் கொடுத்தாள்.

“அது நான் சொன்னது,” என்றாள்.